சின்னம்மாவின் எழுத்துக்குக் கடைந்த பேனை

“…அதைத்தான் தம்பி திருப்பித் திருப்பிக் கேக்கிறன். எந்தப் பனை? மதகடியில நிண்டு பாத்தால் தெரியுமே, கடல் பக்கம் சரிஞ்சுகொண்டு நிண்ட பனை, அதுவோ?”

மாப்பிள்ளையின் தாயார் மாமாவிடம் இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டு விறாந்தையில் ஒருவரும் அசையவில்லை. கலியாணப் பதிவாளர் தாள்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திப் பிடித்தபடி இருந்தார். சின்னம்மாவின் கையில் பேனை இருந்தது. அதன் முனை தாளைத் தொடுவதற்கு ஒரு நூலளவு மேலே நின்றது. மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. நான் அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கடித்த பயத்தம் பணியாரம் வாய்க்குள் அப்படியே கிடந்தது. விழுங்கினால் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சிழந்து நிற்பதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்வதானால் மாமாவின் பேனைகளிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டினார். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் பேனை கடைந்தார். அவருக்கு அதை ஒருவரும் பழக்கவில்லை. ஒரு மாரிகாலத்தில் பஸ் பழுதாகி நின்றது. அந்தக் கிழமை முழுவதும் அவர் கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் மரத்துண்டைச் சுழலவிட்டு உளி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை கிணற்றடியில் சும்மா கிடந்த பழைய தண்ணீர் மோட்டரைக் காணவில்லை. ஆட்டுக்கொட்டிலுக்குள் அது ஒரு பலகையில் பூட்டப்பட்டு, மரத்துண்டைச் சுழற்றி உறுமிக்கொண்டிருந்தது. ஆடுகள் வெளியே நின்று எங்களைப் பார்த்தன.

சாதாரண மரத்தில் கடைந்திருந்தால் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது. மாமாவுக்கு அது பிடிக்காது. “வேம்பையும் பூவரசையும் ஆரும் கடைவான். மாட்டன் எண்டு நிக்கிறதைக் கடையவேணும்” என்பார். அதனால் பனங்கொட்டையைக் கடைந்தார். ஆட்டுக்கொம்பைக் கடைந்தார். அது சுழலச் சுழல மயிர் கருகிய நாற்றம் எழுந்து வீடு முழுவதும் பரவியது. அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் மீன் இறைச்சி சமைக்காத நாள். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, “வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்னடா மச்சம் காய்ச்சுறாய்?” என்று கத்தினார். நெடுந்தீவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த முருகைக்கல்லைப் பூட்டியபோது அது வெடித்தது. ஒரு துண்டு போய் அப்பா முகம் வழிக்கிற கண்ணாடியில் பட்டது. அப்பா பாதி முகம் நுரையோடு வெளியே வந்து மாமாவைப் பார்த்தார். அப்படியே உள்ளே போனார். அப்பாவின் கோபம் ஆறுதலாக வரும். ஒரு கிழமை கழித்துச் சோறு சாப்பிடும்போது, “கண்ணாடி ஒண்டு வாங்கவேணும்” என்றார். மாமாவுக்குப் புரையேறியது.

“உவன்ர கையில அகப்பட்டால் எங்களையும் கடைஞ்சு மூடி போட்டுடுவான்” என்று அம்மா வந்த சனத்துக்கெல்லாம் சொல்வார். அது பொய்யில்லை. மாமா எதைப் பார்த்தாலும், இது உளிக்கு நிற்குமா என்றுதான் பார்ப்பார்.

செய்த பேனைகளை அவர் விற்கவுமில்லை, ஒருவருக்குக் கொடுக்கவுமில்லை. சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து குத்தியிருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டால் எடுத்துக் கையில் வைப்பார். வைத்த கணத்திலிருந்து அந்தப் பேனையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். வாங்கியவர் தானாகவே வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த மனிதர்தான், சின்னம்மாவின் எழுத்துக்குத் தன் பேனைதான் என்று அறிவித்தார்.

கலியாணத்துக்கு முன்பு பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வைப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் எழுத்து என்போம். சின்னம்மா அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. சாதகத்தில் செவ்வாய் இருந்த இருப்பில் ஒன்றும் பொருந்தி வரவில்லை. பொருந்தியவர்களும் வந்து பார்த்துவிட்டுக் கடிதம் போடாமல் விட்டார்கள். “வந்தவையெல்லாம் பலகாரம் நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம்” என்று சின்னம்மாவே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடியுமுன்னே அம்மா எழும்பி உள்ளே போய்விடுவார். கடைசியில் இந்த இடம் வந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம். அவர்களும் முன்னொரு காலம் எங்கள் ஊரில் இருந்தவர்கள்தான். இடம்பெயர்ந்து போனபிறகு பட்டணத்தோடு தங்கிவிட்டார்கள். சாதகம் பொருந்தியது. சின்னம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்தும் இருந்தது. சாமி அறையைக் கடக்கும்போதெல்லாம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். இந்த இடமும் குழம்பினால் இனி ஒரு இடம் இல்லை என்பது ஆட்டுக்கொட்டில் வரைக்கும் தெரிந்த விஷயம்.

தங்கையின் எழுத்துக்கு மாமா சும்மா ஒன்றைக் கடைவாரா? தான் தொட்டதிலேயே ஆகக் கடினமானதை எடுத்தார். பனை வைரம். பனையில் உள்ளே மெதுவான சோறு, விளிம்பில்தான் வைரம். அந்த வைரமும் ஒரே கட்டையல்ல. கறுப்புக் கம்பிகளை நெருக்கி அடுக்கி இடையில் மாவை அப்பியதுபோல இருக்கும். உளி பட்டதும் கம்பி கம்பியாகப் பிரிந்து ஈர்க்குக் கட்டுப்போல நிற்கும். மாமா சுப்பர் குளூவை ஊற்றினார், காயவிட்டார், மெல்லக் கடைந்தார், மறுபடி ஊற்றினார். விரல்கள் ஒட்டிக்கொண்டு சோறு குழைக்க ஏலாமல் கரண்டியால் சாப்பிட்டார். எத்தனையோ துண்டுகள் சிதறின. கடைசியில் ஒன்று நின்றது. துளையிட்டுப் பித்தளைக் குழாயை இறுக்கி, மினுக்கி எடுத்தபோது, கறுப்பில் பொன்னிறக் கோடுகள் இறங்கின. இருட்டில் மழை பெய்வதை லாம்பு பிடித்துப் பார்த்ததுபோல இருந்தது. அம்மாகூடக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, “வடிவாய்த்தான் கிடக்கு” என்றார். எங்கே எடுத்த பனை என்று அவர் கேட்கவில்லை. தீவில் பனை எங்கே எடுத்தது என்று யார் கேட்பார்கள்?

கேட்டிருக்கவேண்டும்.

எங்கள் ஒழுங்கை முடிந்து றோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு மதகு வரும். மதகுக்கு அப்பால் பற்றைகளுக்கு நடுவே ஒரு மணல் பாதை கடற்கரைக்குப் போகும். அங்கேதான் சுடலை. செத்தவீடு என்றால் பெண்கள் குழறிக்கொண்டு மதகு மட்டும் வருவார்கள். மதகில் நின்று திரும்புவார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள் மட்டும்தான். மதகில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாழைப் பற்றைக்கு மேலே ஒற்றைப் பனையொன்றின் தலை மட்டும் தெரியும். நான் ஒருமுறை அம்மாவிடம், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்டுமில்லை. ஒரு பனை” என்றார். அம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்தப் பனை பிறகு இடி விழுந்து மொட்டையானது. சுடலையில் புதிதாகப் போட்ட கொட்டகைக்கு மேலே சரிந்ததால் எழுத்துக்கு முந்தின ஆண்டு அதைத் தறித்து விழுத்தினார்கள். எங்கள் ஊரில் ஒரு பனை விழுந்தால் வேர் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பனை மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. சுடலைக்குப் போனவர்கள் காலைக் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார்கள். அங்கிருந்து ஒரு சிராம்பைக்கூடக் கொண்டுவருவார்களா? மாமா ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது தறித்த முகத்தைப் பார்த்திருக்கிறார். அப்படியொரு கறுப்பை அவர் அதற்குமுன் கண்டதில்லை. உரப்பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒளிக்கவேண்டும் என்று ஒளிக்கவில்லை. அவருக்கு அது மரம். அவ்வளவுதான்.

எழுத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வானில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அவர்கள் பக்கத்தில் கதைக்கிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மாப்பிள்ளையின் தாயார் கடைசியாக இறங்கினார். புருஷனை இழந்தவர். எங்கே இருக்கவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவராகவே போய் அறை வாசலுக்குக் கிட்ட, எல்லாருக்கும் பின்னால், ஒரு கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கொடுத்த தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டியது. அவர் தொடவில்லை. பணியாரத்தையும் தொடவில்லை. வெளியே பார்த்தபடி இருந்தார். எனக்கு அவருடைய பணியாரத்தில்தான் கண்.

நல்ல நேரம் தொடங்கியதும் மாப்பிள்ளை முதலில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுப் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பாவும் கையை நீட்டி வாங்கிப் பார்த்து, “உதென்ன, கருங்காலியோ?” என்று கேட்டுக்கொண்டே சின்னம்மாவிடம் கொடுத்தார். மாமாவிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மாமா தொடங்கினார். கருங்காலியாவது! வைரம் எப்படிப் பாயும், குளூ எப்படி இறங்கவேண்டும், உளியை எந்தச் சரிவில் பிடிக்கவேண்டும் என்று வந்தவர்களுக்கு முழுவதும் ஒப்புவித்தார். சின்னம்மா தாளுக்குக் குனிந்தார்.

“உப்புக்காத்தும் வெயிலும் குடிச்சுக் குடிச்சு நிண்ட பனை ஐயா. உப்பிடியொரு வைரம் தீவுப்பகுதியிலையே இல்லை. எங்கட சுடலையடியில நிண்டது.”

“எங்கை நிண்டது?” என்றார் பெரியப்பா.

அவருக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று மாமா நினைத்தார். இன்னும் உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“சுட-லை-யடி-யில!”

அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். கையில் இருந்த வெற்றிலைத் தட்டம் சரிந்து பாக்கெல்லாம் உருண்டது. ஒன்று என் காலடிக்கு வந்தது. குனிந்து எடுக்கத் துணிவு வரவில்லை.

“கலியாண எழுத்துக்குச் சுடலைக் கட்டையையே கொண்டந்து வைச்சிருக்கிறியள்?” பெரியப்பாவின் குரல் கூரையில் மோதி வந்தது. அப்பா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு போல்பொயின்ற் பேனையை எடுத்து மேசையில் வைத்தார். பெரியப்பா அதைக் கையால் ஒதுக்கினார். “இனி உது என்னத்துக்கு? எங்கட பொடியன் உதாலை எழுதி முடிச்சிட்டான்! பிள்ளை, வையும் பேனையைக் கீழ. தம்பி, வெளிக்கிடு!”

மாப்பிள்ளை எழும்பவில்லை. பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டால் இந்தத் தாள் செல்லாது, நல்ல நேரமும் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளை எழுதுகிறாரா இல்லையா என்று பதமாகக் கேட்டார். சின்னம்மா எழுதவில்லை. பேனையை வைக்கவுமில்லை. அவர் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமா எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் மரத்தைத்தான் பாத்தனான்” என்றார். பிறகு, “நிண்ட இடத்தைப் பாக்கேல்லை” என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து, “எந்தப் பனை?” என்று கேட்டது. பெரியப்பாவின் சத்தத்தில் அது ஒருவருக்கும் எட்டவில்லை. மறுபடி கேட்டது. காலையிலிருந்து ஒரு சொல்லும் கதைக்காத மாப்பிள்ளையின் தாயார் எழும்பி, எல்லாருக்கும் நடுவால், விறாந்தையின் முன்பக்கத்துக்கு வந்தார். மங்களமான காரியத்தில் அவர் அப்படி முன்னுக்கு வந்ததே பெரிய அதிர்ச்சி. பெரியப்பா பாதிச் சொல்லோடு நின்றார். தாயார் மாமாவுக்கு முன்னால் நின்று, திருப்பித் திருப்பிக் கேட்கிறேன், மதகடியில் நின்று பார்த்தால் தெரியும் பனையா என்று கேட்டார்.

“ஓம் மாமி” என்றார் மாமா. “அதுதான்.”

தாயார் சின்னம்மாவிடம் கையை நீட்டினார். இவ்வளவு நேரமும் ஒருவருக்கும் விடாத பேனையைச் சின்னம்மா அந்தக் கையில் வைத்தார். அவர் அதைப் பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை மட்டும் மெல்லத் தடவினார். விழுந்து எழும்பிய பிள்ளையின் கையைக் காலைத் தடவி, எங்கே நோகிறது என்று பார்ப்பார்களே, அப்படி.

“அப்ப இதுக்குத் தலையில வட்டு இருந்தது” என்றார், ஒருவரையும் பார்க்காமல். “காத்தடிச்சால் ஓலை இரையும். மதகு மட்டும் கேக்கும்.”

நான் அறியாத கதையை அம்மா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் தாயாருடைய புருஷன் எங்கள் ஊரில்தான் காய்ச்சலில் செத்தவர். மாப்பிள்ளை அப்போது கைக்குழந்தை. மதகு மட்டும் வந்தவரை மற்றப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். பாடை பற்றைக்குள் மறைந்தபிறகு அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பனைதான். அதைப் பார்த்தபடி, புகை வருகிறதா என்றுகூடத் தெரியாமல், பொழுது சாயும்வரைக்கும் நின்றாராம். அதற்குப் பிறகு சில கிழமைகளில் ஊரே எழும்பிப் போனது. அவர் திரும்பிவர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அன்று காலை வான் மதகைக் கடக்கும்போது, மெல்லப் போகச் சொல்லி எட்டிப் பார்த்திருக்கிறார். பற்றைக்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் வானம். தேத்தண்ணியைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? இவருக்கும் மாமாவைப் போலப் பேனை விசராக்கும் என்று நினைத்தேன்.

அவர் பேனையைச் சின்னம்மாவின் கையில் திருப்பி வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“எழுதும் பிள்ளை” என்றார். “இவன்ர தேப்பனும் வந்திட்டார்.”

நான் திடுக்கிட்டுப் படலைக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் தகப்பன் வருகிறார் என்றால் பார்க்கவேண்டாமா? படலையடியில் ஒருவரும் இல்லை. வான் சாரதி வாயைத் திறந்துகொண்டு நித்திரை. ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. திரும்பி வந்தபோது சின்னம்மா எழுதி முடித்திருந்தார். தாளில் ஒரு துளி தண்ணீர் விழுந்திருந்தது. பதிவாளர் அதை ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்துச் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கவேண்டிய பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தாயாரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும் பேனைக்கு மூடியைப் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்து, ‘டக்’ என்று பூட்டினார்.

கேட்காமல் எடுத்துவிட்டார்! நான் மாமாவைப் பார்த்தேன். பேனை போன இடத்துக்கெல்லாம் கண்ணை அனுப்புகிற மாமா, நிலத்தில் கிடந்த பாக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்து அவர்கள் வெளிக்கிட்டபிறகுதான் அம்மா கட்டி வைத்த பணியாரப் பொதி மேசையிலேயே இருப்பதைப் பார்த்தார். “ஓடடி, ஓடிப்போய்க் குடுத்திட்டு வா!” என்றார். நான் பொதியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் ஓடி றோட்டில் ஏறினேன். வான் தூரத்தில், மதகடியில் நின்றது. தாயார் இறங்கி மதகின் மேல் நின்றார். வானுக்குள்ளிருந்து பெரியப்பா என்னவோ சொல்லிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு பாதி இறங்கி நின்றார்.

நான் மூச்சிரைக்க மதகுக்கு வந்து நின்றேன். கால் தானாகவே அங்கே நின்றுவிட்டது. அவர் கைப்பையைத் திறந்து பேனையை வெளியே எடுத்தார். எங்கே எடுத்ததோ அங்கேயே எறிந்துவிடப் போகிறார், மாமா பாவம், என்று நினைத்தேன். எறிந்தால் எந்தப் பற்றையில் விழும் என்று பார்த்து வைத்து, பிறகு மாமாவை அனுப்பி எடுப்பிக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது.

அவர் எறியவில்லை. பேனையைக் கைக்குள் பொத்தினார். செருப்பைக் கழற்றி மதகின் ஓரத்தில் விட்டார். எந்தப் பெண்ணும் போகாத அந்தப் பக்கத்து மணலில் காலை வைத்து, தாழைகளுக்கு நடுவால் கடலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.